குறைந்த செலவு இண்டெக்ஸ் ஃபண்ட் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட காலத்துக்குப் பணம் போட இண்டெக்ஸ் ஃபண்ட் தேடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதற்குள் ஆழமாகப் போகவில்லை. மற்றபடி எந்தச் சந்தையில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் என்ன?

பங்குச் சந்தை எப்படிப் போகிறது என்று காட்ட, நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருப்பார்கள். அதுதான் இண்டெக்ஸ், தமிழில் குறியீட்டெண். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500, பிரிட்டனின் எஃப்.டி.எஸ்.இ. 100 எல்லாம் இந்த வகை. அந்தப் பட்டியலில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில், பலருடைய பணத்தைச் சேர்த்து வாங்கி வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பெயர் இண்டெக்ஸ் ஃபண்ட். எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று கணிக்க அங்கே ஆள் தேவையில்லை. அதனால்தான் செலவு குறைகிறது.

பொதுமக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை 1976-ல் அமெரிக்காவில் ஜான் போகிள் கொண்டுவந்தார். அவருடைய வான்கார்டு நிறுவனம் 15 கோடி டாலர் திரட்ட நினைத்தது, வந்தது 1.13 கோடி டாலர்தான். ‘போகிளின் முட்டாள்தனம்’ என்றே அதைச் சொன்னார்கள். அதே ஃபண்ட் பிற்பாடு உலகின் மிகப் பெரிய ஃபண்டுகளில் ஒன்றாக வளர்ந்தது.

சந்தையின் சராசரிதானே கிடைக்கும்? திறமையான மேனேஜர் அதைவிட நன்றாகச் செய்ய மாட்டாரா?

இந்தக் கேள்விக்கு ஒரு எளிய கூட்டல் கழித்தலே பதில். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1991-ல் அதை எழுதிக் காட்டினார்.

சந்தையில் உள்ள எல்லாப் பங்குகளும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கின்றன. சந்தை வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால், பங்கு வைத்திருக்கும் எல்லாருடைய மொத்த வருமானமும் 8 சதவீதம்தான். அதில் இண்டெக்ஸ் முதலீட்டாளர்கள் 8 எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் மிச்சம் இருப்பவர்கள், அதாவது பங்குகளைத் தேடித் தேர்ந்தெடுக்கிறவர்கள், எல்லாருமாகச் சேர்ந்து எடுத்ததும் சராசரியாக 8தான். ஒருவர் 11 எடுத்தால் இன்னொருவர் 5 எடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் கட்டணத்துக்கு முந்தைய கணக்கு. இண்டெக்ஸ் ஃபண்ட் 0.1 எடுத்துக்கொண்டு 7.9 கொடுக்கிறது. மற்றவை 1.5 எடுத்துக்கொண்டால் சராசரியாகக் கொடுக்க முடிவது 6.5. எவ்வளவு திறமைசாலிகள் சேர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சந்தையை ஜெயிக்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அடுத்த இருபது வருடம் ஜெயிக்கப் போகிறவர் யார் என்று இன்றைக்கே கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எஸ் அண்ட் பி நிறுவனம் 2002 முதல், ஃபண்டுகளைக் குறியீட்டெண்ணோடு ஒப்பிடும் ‘ஸ்பைவா’ என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. பதினைந்து வருடக் கணக்கில் பார்த்தால், அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்கு ஃபண்டுகளில் பத்துக்கு ஒன்பது போல குறியீட்டெண்ணை எட்டிப் பிடிக்கவில்லை.

இன்னொரு ஆய்வும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரையிலான அமெரிக்கப் பங்குகள் அத்தனையையும் எடுத்துப் பார்த்தார். அரசின் குறுகிய காலக் கடன் பத்திரத்தைவிடக் கூடுதலாகச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதும் சுமார் 4 சதவீத நிறுவனங்களிடமிருந்து வந்திருந்தது. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அந்தப் பத்திரம் அளவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அந்த 4 சதவீதம் எது என்று முன்கூட்டியே தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பது நல்ல வழி.

1 சதவீதம், 1.5 சதவீதம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1 லட்சம் போடுகிறீர்கள், எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். செலவுக்கு முன் சந்தை வருடத்துக்கு 7 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 வருடம் தொடாமல் விடுகிறீர்கள். வருடச் செலவு 0.1 சதவீதமாக இருந்தால் கையில் நிற்பது சுமார் 7.4 லட்சம். செலவு 1.5 சதவீதமாக இருந்தால் சுமார் 4.98 லட்சம். போட்ட பணம் 1 லட்சம். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 2.4 லட்சம்! நீங்கள் போட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டணத்தில் கரைந்துவிடுகிறது.

ஏன் இப்படி? கட்டணம் லாபத்தில் எடுப்பதில்லை, மொத்தப் பணத்தில் எடுக்கிறார்கள். 7 சதவீத வருமானத்தில் 1.5 போனால், உண்மையில் போவது உங்கள் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நஷ்டமான வருடத்திலும் எடுப்பார்கள். எடுத்த பணம் திரும்பக் குட்டி போடவும் வழியில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இந்தக் கட்டணத்துக்கு அப்படியே பொருந்தும்.

இதில் இன்னொரு விஷயம், இதற்கு ரசீது வராது. வருடச் செலவை நாட்கணக்கில் பிரித்து, தினமும் ஃபண்டின் சொத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் என்.ஏ.வி.யை, அதாவது ஒரு யூனிட்டின் விலையை, அறிவிக்கிறார்கள். கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் எல்லாரும் கேள்வி கேட்டிருப்போம். நானும் முதன்முதலில் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கியபோது ‘இண்டெக்ஸ் என்றாலே செலவு குறைவுதான்’ என்று நம்பி, செலவு விகிதத்தை, அதாவது இந்த வருடச் செலவின் சதவீதத்தை, பார்க்கவே இல்லை. அதே குறியீட்டெண்ணை மூன்றில் ஒரு பங்கு செலவில் தருகிற ஃபண்ட் இருந்தது எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆனது. அந்த வருத்தம்தான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

அப்படியென்றால் இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்குள்ளேயே செலவு மாறுமா?

நன்றாகவே மாறும். எஸ் அண்ட் பி 500 என்ற ஒரே பட்டியலைப் பின்பற்றும் ஃபண்டுகளில் 0.02 சதவீதத்துக்கும் கீழே வாங்குகிறவை உண்டு, 1 சதவீதத்தைத் தாண்டி வாங்குகிறவையும் உண்டு. உள்ளே இருக்கும் பங்குகள் ஒன்றேதான்.

பல நாடுகளில் ஒரே ஃபண்ட் இரண்டு வடிவத்தில் வரும்: விற்றுக் கொடுக்கும் முகவருக்குக் கமிஷன் சேர்ந்தது ஒன்று, நிறுவனத்திடம் நேரடியாக வாங்குவது ஒன்று. கமிஷன் வாங்கினபோது மட்டும் போவதில்லை, பெரும்பாலும் வருடா வருடம் போகும். ஆலோசனை உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் அதற்குத் தனியாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, ஃபண்டை நேரடியாக வாங்குவதே என் கணக்கில் சரி.

செலவு விகிதத்தைத் தவிர வேறு என்ன கட்டணங்கள் பார்க்க வேண்டும்?

நுழையும்போது எடுக்கும் கட்டணம், குறிப்பிட்ட காலத்துக்கு முன் வெளியேறினால் எடுக்கும் எக்ஸிட் லோட், கணக்கு வைத்திருக்கும் தளத்தின் வருடக் கட்டணம், வெளிநாட்டு ஃபண்ட் என்றால் நாணயம் மாற்றும் செலவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபண்ட் 0.1 சதவீதம் என்று சந்தோஷப்பட்டு, பணம் மாற்றுவதிலேயே 2 சதவீதத்தை விட்டுவிட்டால் பலனில்லை.

எந்தக் குறியீட்டெண்ணைத் தேர்ந்தெடுப்பது?

ஃபண்டைவிட இதை முதலில் முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பெயர், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் அப்புறம்.

என் பரிந்துரை, முடிந்த அளவு அகலமான குறியீட்டெண். ஒரு நாட்டின் சந்தையில் பெரும்பகுதியை அடக்கியது, அல்லது பல நாடுகளை அடக்கியது. ஒரு நாட்டை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்துக்கு ஜப்பானைப் பாருங்கள். 1989 டிசம்பர் கடைசியில் அந்த நாட்டுக் குறியீட்டெண்ணான நிக்கி 225 சுமார் 38,900 புள்ளிகளில் இருந்தது. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். நடுவே 34 வருடம்! உச்சத்தில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு ஓய்வுக்காலத்தை எதிர்பார்த்திருந்த ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஜப்பான் அப்போது பலவீனமான பொருளாதாரம் இல்லை, உலகமே வியந்து பார்த்த ஒன்று.

குறியீட்டெண்ணின் பெயரை மட்டும் நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எம்.எஸ்.சி.ஐ. வேர்ல்ட் என்ற பெயரில் உலகம் இருக்கிறது. ஆனால் அதில் வளர்ந்த நாடுகளின் சந்தைகள் மட்டுமே உண்டு, வளரும் நாடுகள் இல்லை. அவையும் வேண்டும் என்றால் எம்.எஸ்.சி.ஐ. ஏ.சி.டபிள்யூ.ஐ. போன்ற ஒன்றைப் பார்க்க வேண்டும். எடை போடும் முறையும், அதாவது குறியீட்டெண்ணில் எந்த நிறுவனத்துக்கு எத்தனை சதவீத இடம் என்பதும், மாறும். பெரும்பாலான குறியீட்டெண்களில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு எவ்வளவோ அவ்வளவு எடை. அதனால் சில நிறுவனங்கள் மிகப் பெரிதாக வளரும்போது குறியீட்டெண்ணே அவற்றின் பக்கம் சாய்ந்துவிடும். எஸ் அண்ட் பி 500-ல் 500 நிறுவனங்கள் இருந்தாலும், சமீப ஆண்டுகளில் முதல் பத்து நிறுவனங்களின் எடையே 30 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. நிக்கியும் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண்ணும் வேறு மாதிரி: அவற்றில் பங்கின் விலைதான் எடையைத் தீர்மானிக்கிறது, நிறுவனத்தின் அளவு இல்லை.

ஒரு துறையை மட்டும், ஒரு புதுத் தொழில்நுட்பத்தை மட்டும் பின்பற்றும் ஃபண்டுகளும் ‘இண்டெக்ஸ்’ என்ற பெயரில் வருகின்றன. பெரும்பாலும் ஒரு துறை நன்றாக ஏறிய பிறகுதான் அதற்கென்று ஃபண்ட் தொடங்குவார்கள், செலவும் கூடுதலாக இருக்கும். நீண்ட கால முதலீட்டின் அடித்தளமாக இவற்றை வைக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஒரே குறியீட்டெண்ணுக்குப் பத்து ஃபண்ட் இருக்கிறதே, எதை எடுப்பது?

செலவு விகிதம் குறைவான மூன்று நான்கை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் டிராக்கிங் டிஃபரன்ஸைப் பாருங்கள். ஒரு வருடத்தில் குறியீட்டெண் எவ்வளவு கொடுத்தது, ஃபண்ட் எவ்வளவு கொடுத்தது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் அது. குறியீட்டெண் 9 சதவீதம், ஃபண்ட் 8.8 என்றால் இடைவெளி 0.2. செலவு விகிதம் 0.1 என்று எழுதியிருந்தால் மீதி 0.1 எங்கே போனது? கையில் பணத்தைச் சும்மா வைத்திருந்ததில் போயிருக்கலாம், பங்குகளை வாங்கி விற்கும் செலவில் போயிருக்கலாம். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் ஐந்து வருடமாவது பாருங்கள்.

டிராக்கிங் எரர் என்று இன்னொன்றும் இருக்கும். அந்த இடைவெளி நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்பதை அது சொல்லும். வருடா வருடம் சீராக 1 சதவீதம் பின்தங்கும் ஃபண்டுக்கு டிராக்கிங் எரர் மிகக் குறைவாகக் காட்டும். அதனால் நீண்ட காலத்துக்கு டிஃபரன்ஸ்தான் முக்கியம்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: டிவிடெண்டையும், அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்தையும், சேர்த்துக் கணக்கிடும் ‘டோட்டல் ரிட்டர்ன்’ குறியீட்டெண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். செய்தியில் சொல்லும் சாதாரணப் புள்ளிகள் பெரும்பாலும் டிவிடெண்ட் சேராதவை. அதோடு ஒப்பிட்டால் சுமாரான ஃபண்டும் குறியீட்டெண்ணை ஜெயித்தது போலத் தெரியும்.

ஃபண்டின் அளவையும் ஒரு பார்வை பாருங்கள். மிகச் சின்ன ஃபண்டுகளை மூடிவிடவோ வேறொன்றோடு இணைக்கவோ வாய்ப்பு அதிகம்.

செலவே இல்லாத ஃபண்ட் இருக்கிறதாமே?

2018-ல் ஃபிடெலிட்டி நிறுவனம் அமெரிக்காவில் செலவு விகிதம் பூஜ்யமாக உள்ள இண்டெக்ஸ் ஃபண்டுகளைத் தொடங்கியது. பிரபலமான குறியீட்டெண்ணைப் பயன்படுத்த அதன் உரிமையாளருக்கு ஃபண்ட் நிறுவனம் கட்டணம் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க இவை நிறுவனத்தின் சொந்தக் குறியீட்டெண்களைப் பின்பற்றுகின்றன. மற்ற சேவைகளுக்கும் வாடிக்கையாளர் வருவார் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 0.05 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வருவதில் கிடைக்கும் லாபம் சின்னது. 1.5-லிருந்து 0.2-க்கு வருவதுதான் உங்கள் வாழ்க்கையில் வித்தியாசம் காட்டும். அதைச் செய்துவிட்டால், அப்புறம் கடைசித் தசமப் புள்ளிக்காக ஃபண்ட் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

என்.ஏ.வி. 10 உள்ள ஃபண்ட், 200 உள்ளதைவிட மலிவா?

இல்லை. 1,000 போட்டால் ஒன்றில் 100 யூனிட், இன்னொன்றில் 5 யூனிட். சந்தை 10 சதவீதம் ஏறினால் இரண்டிலும் உங்கள் பணம் 1,100.

ஈ.டி.எஃப். வாங்கலாமா, சாதாரண ஃபண்டா?

ஈ.டி.எஃப். என்பது பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட். பல நேரம் செலவு விகிதம் இன்னும் குறைவாக இருக்கும். ஆனால் புரோக்கர் கட்டணம் உண்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. வியாபாரம் குறைவாக நடக்கும் ஈ.டி.எஃப். என்றால், உண்மையான மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க நேரிடும். நல்ல வியாபாரம் நடக்கும் ஈ.டி.எஃப். கிடைத்தால், பெரிய தொகையை எப்போதாவது போடுகிறவருக்கு அது சரி. மாதாமாதம் சின்னத் தொகை தானாகவே போக வேண்டும் என்றால் சாதாரண ஃபண்ட்தான் வசதி. விலை நிமிடத்துக்கு நிமிடம் கண்ணில் படாமல் இருப்பதும் ஒரு நன்மை.

எத்தனை ஃபண்ட் வைத்துக்கொள்ளலாம்?

ஒன்று போதும், மிஞ்சினால் மூன்று. ஒரே சந்தையைப் பின்பற்றும் நான்கு ஃபண்ட் வைத்திருந்தால் அதே பங்குகளைத்தான் நான்கு முறை வைத்திருக்கிறீர்கள்.

குரோத்தா, டிவிடெண்டா?

குரோத் என்றால் லாபம் ஃபண்டுக்குள்ளேயே தங்கி வளரும், டிவிடெண்ட் என்றால் அவ்வப்போது கையில் வரும். செலவுக்கு இப்போது பணம் தேவையில்லை என்றால் குரோத். ஃபண்ட் டிவிடெண்ட் கொடுக்கும்போது அந்த அளவுக்கு என்.ஏ.வி. குறையும், அது கூடுதலாக வரும் பணம் இல்லை.

நீண்ட காலம் என்றால் எத்தனை வருடம்?

பத்து வருடத்துக்குக் குறைவாக நினைக்காதீர்கள். பத்தும் சில நேரம் போதாது. 2000 தொடக்கத்தில் எஸ் அண்ட் பி 500-ல் போட்டவருக்கு, 2009 முடிவில் டிவிடெண்டைச் சேர்த்தும் சின்ன நஷ்டம்தான். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம், வேலை போனால் சமாளிக்க வேண்டிய பணம், இவற்றைப் பங்குச் சந்தையில் வைக்க வேண்டாம். அதிக வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அதைவிட நிச்சயமான வருமானத்தை எந்த ஃபண்டும் தராது.

கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறது. ஒரேயடியாகப் போடலாமா, பிரித்தா?

சந்தை இறங்கிய காலத்தைவிட ஏறிய காலம் அதிகம். அதனால் மொத்தமாகப் போடுவதே பெரும்பாலும் கூடுதல் தந்திருக்கிறது. 2012-ல் வான்கார்டு செய்த ஆய்வில் சுமார் மூன்றில் இரண்டு முறை அப்படித்தான் வந்தது. ஆனால் போட்ட அடுத்த மாதமே சந்தை விழுந்தால் பயந்து எடுத்துவிடுவேன் என்று தோன்றினால், ஆறு மாதமோ ஒரு வருடமோ பிரித்துப் போடுங்கள். மாதச் சம்பளத்திலிருந்து போடுகிறவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. வந்ததும் போய்விடும்படி தானியங்கியாக அமைத்துவிடுங்கள்.

சந்தை பெரிதாக விழுந்தால் என்ன செய்வது?

விழும். அதை இன்றைக்கே ஏற்றுக்கொண்டுவிட்டுத்தான் போட வேண்டும். 2007 அக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையே எஸ் அண்ட் பி 500 சுமார் 57 சதவீதம் விழுந்தது. 2020-ல் ஒரே மாதத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் 34 சதவீதம். இண்டெக்ஸ் ஃபண்டில் யாரும் முன்கூட்டியே விற்றுக் காப்பாற்ற மாட்டார்கள். சந்தை எவ்வளவு விழுகிறதோ அவ்வளவும் உங்கள் பணம் விழும்.

பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கட்டிய பந்தயத்தில் இது நன்றாகத் தெரியும். 2008 தொடங்கி பத்து வருடத்தில், ஹெட்ஜ் ஃபண்டுகளில் (பெரும் பணக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்குமான, கட்டணம் அதிகமான ஃபண்டுகள்) முதலீடு செய்யும் ஐந்து ஃபண்டுகளைவிட ஒரு சாதாரண எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்ட் அதிகம் தரும் என்றார். முதல் வருடத்தில் அவருடைய இண்டெக்ஸ் ஃபண்ட் 37 சதவீதம் விழுந்தது. எதிரணியின் ஐந்துமே அதைவிடக் குறைவாகத்தான் விழுந்திருந்தன. அன்றைக்குப் பார்த்தால் தோற்றுவிட்டார். பத்து வருட முடிவில் இண்டெக்ஸ் ஃபண்டின் மொத்த லாபம் 125.8 சதவீதம், ஐந்தில் மிகச் சிறந்தது 87.7, மிக மோசமானது 2.8. எதிரணிக்கு இரண்டு அடுக்குக் கட்டணம் இருந்தது: ஹெட்ஜ் ஃபண்டுகளுக்கு ஒன்று, அவற்றில் முதலீடு செய்யும் ஃபண்டுக்கு இன்னொன்று.

விழும்போது பொறுக்க முடியாது என்று இப்போதே தெரிந்தால், பங்கு ஃபண்டில் போடும் அளவைக் குறைத்து, மீதியை நல்ல கடன் பத்திர ஃபண்டிலோ வைப்பு நிதியிலோ வையுங்கள். பயத்தில் பாதியில் வெளியேறுவதைவிடக் கொஞ்சம் குறைந்த வருமானத்தோடு கடைசிவரை இருப்பது மேல்.

எல்லாரும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கே போய்விட்டால் பங்குகளுக்கு யார் விலை நிர்ணயிப்பார்கள்?

நியாயமான கேள்வி. இண்டெக்ஸ் ஃபண்டுகளில் பணம் எவ்வளவு இருந்தாலும் அவை தினமும் வாங்கி விற்பது குறைவு. விலையைத் தீர்மானிப்பது வியாபாரம். ஒரு பங்கின் விலை தாறுமாறாகப் போனால் அதில் லாபம் பார்க்க ஆட்கள் திரும்பி வருவார்கள். அவர்கள் உழைப்பால்தான் நமக்கு ஓரளவு நியாயமான விலை கிடைக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏற்கெனவே செலவு அதிகமான ஃபண்டில் இருக்கிறேன். விற்றுவிட்டு மாறலாமா?

முதல் வேலை, இனிமேல் போடும் பணத்தைக் குறைந்த செலவு ஃபண்டுக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கு வரியும் இல்லை, அபராதமும் இல்லை. இன்றைக்கே செய்யலாம்.

பழைய பணத்துக்குக் கணக்குப் போட வேண்டும். விற்றால் வரி எவ்வளவு, எக்ஸிட் லோட் எவ்வளவு என்று கூட்டுங்கள். அது மொத்தத் தொகையில் 5 சதவீதம், மாறுவதால் வருடத்துக்கு 1 சதவீதம் மிச்சம் என்றால், சுமார் ஐந்து வருடத்தில் ஈடாகிவிடும். இன்னும் இருபது வருடம் வைத்திருக்கப் போகிறவர் தாராளமாக மாறலாம். அந்த வரியில் பெரும்பகுதி என்றைக்கு விற்றாலும் கட்ட வேண்டியதுதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் பணம் தேவைப்படும் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். நடுவில் இருப்பவர்கள் எக்ஸிட் லோட் காலம் முடிந்த யூனிட்டுகளை முதலில் மாற்றலாம். உங்கள் நாட்டில் குறிப்பிட்ட அளவு லாபத்துக்கு வருடா வருடம் வரிவிலக்கு இருந்தால், அந்த அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வருடத்தில் மாற்றி முடிக்கலாம்.